பெட்டிக்குள் ஒரு பொட்டல்

சிவகாசி கிட்டங்கித் தெருவில், காலண்டர் அச்சாபீஸ்களுக்கு நடுவே ஒரு மாடியில் வீடியோ கேம் கம்பெனி நடத்திவந்த தங்கேஸ்வரிக்கு, ஆடிக் காற்று அடங்காத ஒரு முற்பகலில், நம் ஊர்க் கடைகளுக்கு இன்னும் வந்திராத ஒரு புதுக் கன்சோல் கூரியரில் வந்தது. தெர்மோகோல் தூளை ஊதிவிட்டு, வயரை டி.வி.யில் சொருகி அவள் சுவிட்சைப் போட்டதும், டி.வி.யும் அதற்குப் பின்னால் இருந்த மஞ்சள் சுவரும் விலகிக்கொள்ள, அங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு பொட்டல் விரிந்து கிடந்தது. செம்மண் பொட்டல், மரமில்லை, மட்டையில்லை, சாயங்காலம் போல ஒரு வெயில், அந்த வெயிலோடு சேர்ந்து ஒரே சீராக அடிக்கிற காற்று.

தங்கேஸ்வரி ஆட்டம் செய்கிறவள் இல்லை, ஆட்டத்தை வெளியே கொண்டுவருகிறவள். யாரிடம் நல்ல யோசனை இருக்கிறது என்று பார்த்து, அவர்களை உட்காரவைத்து, ஆட்டம் முடியும்வரை சம்பளம் கொடுத்து, முடிந்ததும் அதற்கொரு பேர் வைத்துக் கடையேற்றி, நாலு பேர் கண்ணில் படும்படி செய்வதுதான் அவள் தொழில். புருஷன் போன பிறகு அவருடைய தம்பி குணசீலனும் அவளும் சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்த கம்பெனி அது. மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற அவர்களுடைய ஆட்டம் ஒன்று, பழைய கன்சோலில் நட்டமில்லாமல் விற்றிருந்தது.

ஆட்டங்களை எழுதுகிற குழுவுக்குத் தலைவியான ரெஜினா, கையை நீட்டி உள்ளே விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்தபோது விரல்களில் செம்மண் ஒட்டியிருந்தது.

“அக்கா, மண்ணு லேசாச் சுடுது” என்றாள்.

குணசீலன் நாற்காலியில் ஏறி, சுவர் போன இடத்தில் மேல்கட்டு தாங்குமா என்று தட்டிப் பார்த்து, தாங்கும் என்று தெரிந்ததும் இறங்கித் தன் மேசைக்குப் போய்விட்டான். எதிர்க்கடை மாசிலாமணி அண்ணாச்சி டீ கொண்டுவந்தவர், டம்ளர்களை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இங்க மழை பெய்யுமா தாயி?”

“தெரியலையே அண்ணாச்சி. கேட்டுச் சொல்றேன்.”

பெட்டியைச் செய்த கம்பெனியின் ஆள் சபரிநாதன் பெங்களூரிலிருந்து போனை எடுத்தான். உள்ளே வெறும் பொட்டலாக இருக்கிறதே என்று அவள் சொன்னதும், அவன் குரல் தாழ்ந்துபோனது, ஏதோ பந்தி போட்டு வைத்து ஆள் வராத வீட்டுக்காரன் மாதிரி.

“ஆமா மேடம். இன்னும் யாரும் ஆட்டம் போடல. நீங்க கம்ப்யூட்டர்ல எழுதி அனுப்புறது எதுவோ அது அந்த மண்ணுல முளைக்கும். எல்லாப் பெட்டியும் திறக்கிறது அதே பொட்டல்லதான். வெளிநாட்டுல கொஞ்சம் வித்திருக்கு, நல்லாப் பாத்தீங்கன்னா தூரத்துல ஆள் தெரியும்.”

அவள் நன்றாகப் பார்த்தாள். தெரிந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு மனுஷர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். இன்னொரு பக்கம் இரண்டு பெண்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் ஜனம்.

மழை பெய்யாது என்பதும் வெயில் இறங்காது என்பதும் தெருவுக்குத் தெரிந்த பிறகு, கிட்டங்கித் தெரு அந்தப் பொட்டலை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அது ஒரு வீட்டுக்கு மாடி கட்டினால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான் இருந்தது. முதலில் மிளகாய் வந்தது. பிறகு கூழ் வடகம் வந்தது, பிறகு துவைத்த ஜமுக்காளங்கள் வந்தன, பிறகு அச்சாபீஸ்காரர்கள் மை காயாத தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கல் வைத்துப் பரப்பினார்கள், பட்டாசு ஆலைக்காரர்கள் மருந்து வைக்காத வெறும் குழல்களை வரிசையாக அடுக்கினார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் கை வீசி நடக்க வந்தார்கள். நகராட்சியிலிருந்து ஒரு அலுவலர் வந்து, இது எந்த வார்டில் சேரும் என்று படத்தை விரித்துப் பார்த்து, எந்த வார்டிலும் சேராது என்று கண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். எல்லாரும் தங்கேஸ்வரியின் மாடிப்படி வழியாகத்தான் ஏறி வந்தார்கள், எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பொட்டலில் இறங்கும்போது மறுபடி போட்டுக்கொண்டார்கள், குணசீலன் மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

தங்கேஸ்வரி சாப்பாடு முடிந்ததும் உள்ளே ஒரு நடை போவாள். அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை, அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்க்கவேண்டும், அவ்வளவே. அப்படிப் போனபோது ஒன்றைக் கவனித்தாள். முந்தின நாள் நடந்த இடம் மறுநாள் தடமாகக் கிடந்தது. வெறும் செருப்புத் தடம் இல்லை, பல வருஷம் ஆள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை மாதிரி, இறுகி, வழுவழுவென்று. கம்பளித் தொப்பிக்காரரின் நாய் அந்தப் பாதையை மோந்து பார்த்துவிட்டு அதிலேயே திரும்பியது, அவரும் திரும்பினார், மறுநாள் அந்தப் பிள்ளைகளும் அதிலேயே வந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே, ஒன்றுமில்லாத ஓர் இடத்தில், ஒரு பெரிய வளைவு போட்டு நடந்தாள். மறுநாள் தொப்பிக்காரர் அந்த இடம் வந்ததும், கிணறு ஒன்றைச் சுற்றிப் போகிறவர் மாதிரி மரியாதையாக வளைந்து போனார்.

அவள் அங்கேயே நின்று யோசித்தாள். இந்த மண்ணுக்கு இன்னும் எந்தப் பழக்கமும் இல்லை. முதலில் வருகிறவர்கள் எப்படி நடக்கிறார்களோ, அதைத்தான் இது பழகிக்கொள்ளப் போகிறது.

அதற்குள் சபரிநாதன் பெங்களூரிலிருந்து பெரிய பெரிய கம்பெனிக்காரர்களைத் தங்கேஸ்வரியின் மாடிக்கே கூட்டிக்கொண்டு வந்து காட்ட ஆரம்பித்திருந்தான். அவர்கள் ஷூக்காலோடு விளிம்பில் நின்று, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்து, “ஆள் வரட்டும், நாங்களும் வர்றோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெளிநாட்டுக் கடைகளில் பெட்டியைப் பார்த்தவர்களோ “ஆட்டம் வரட்டும், வாங்குறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சபரிநாதன் ஒரு நாள் அவர்களை வழியனுப்பிவிட்டு, வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே நிக்கிறாங்க மேடம். பொங்கல் வரைக்கும் இப்படியே காலியாக் கெடந்துச்சுன்னா, எங்க மேலிடம் பெட்டி செய்றதையே நிறுத்திரும். இந்தப் பொட்டலும் மூடிரும்.”

“நாங்க வந்தா என்ன செய்வீங்க?”

“என்ன வேணுமோ செய்வேன். எங்க இன்ஜினியருங்க உங்க போனுக்காக உட்காந்திருப்பாங்க. கடையில முன்வரிசையில உங்க ஆட்டந்தான். செலவுல ஒரு பங்கு கம்பெனி ஏத்துக்கும்.” அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே, மறைக்காமல் சொன்னான்: “முதல்ல வர்றவங்களுக்குத்தான் மேடம் இதெல்லாம். கூட்டம் வந்த பெறகு நானே உங்க போனை எடுப்பேனான்னு சொல்ல முடியாது.”

அவன் போனதும் குணசீலன் பேனாவை மூடி வைத்தான்.

“மதினி, பழைய கன்சோல்ல கோடிப்பேர் இருக்காங்க. பஸ் ஆட்டத்துக்கு ரெண்டாம் பாகம் போட்டா நம்ம பொழப்பு ஓடும். இங்க யாரு இருக்கா? ஒரு ஆளு, ஒரு நாயி, ரெண்டு பிள்ளைங்க.”

“அங்க கோடிப்பேரு இருக்காங்க தம்பி. நம்மள மாதிரி ஆட்டம் போடுறவங்களும் அங்க கூட்டமா இருக்காங்களே. நம்ம பஸ்ஸு வந்த வாரம் யாரு திரும்பிப் பாத்தா? இன்னைக்கும் பேரச் சொன்னா, எந்த பஸ்ஸுன்னு கேக்கான்.”

“சரி, இங்க போட்டா எத்தன பேரு வாங்குவாங்க?”

“இருக்கிற எல்லாரும் வாங்குவாங்க. வாங்குறதுக்கு வேற என்ன இருக்கு?”

“எல்லாருன்னா ஒரு ஆளு, ஒரு நாயி, ரெண்டு பிள்ளைங்க.”

“நாய விட்ருங்க” என்றாள் தங்கேஸ்வரி.

அவன் சிரிக்கவில்லை. கடைசியில், சண்டை போடாமல், கம்பெனியை நடுவில் பிரித்துக்கொண்டார்கள். அவன் பாதிக் குழுவோடு பஸ்ஸின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துக்கொள்வது, அவள் ரெஜினாவோடு பொட்டலைப் பார்த்துக்கொள்வது. நடுவில் ஒரு பீரோவை நகர்த்திப் போட்டார்கள். அவளுடைய பங்கு முழுவதையும் அவள் பொட்டலில் போட்டாள். போட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் சாப்பாடு முடிந்த நேரத்துக்குக் கால் தானாக உள்ளே போனது.

ரெஜினாவுக்கு ஆரம்பத்தில் பெரிய ஆசைகள் இருந்தன. கோட்டை எழுதினாள், பொட்டலில் கோட்டை முளைத்தது, ஒரு பகல் நின்றது, பிறகு ஈர மணல் மாதிரி கொத்தளம் கொத்தளமாகச் சரிந்தது. யானை எழுதினாள், யானைகள் முழங்கால்வரை புதைந்து, கோபித்துக்கொண்டு படுத்துவிட்டன, அவற்றை அழிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாறை எழுதினால் மிதந்தது, ஆறு எழுதினால் மேட்டைப் பார்த்து ஓடியது. ஒவ்வொரு தடவையும் பெங்களூர் இன்ஜினியர்களைக் கூப்பிடுவாள். வேறு யாரும் அவர்களைக் கூப்பிடாததால், அவர்களும் சலிக்காமல், அவள் சொல்வதைக் கேட்டுப் பெட்டியின் குணத்தை அவர்களே புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். இந்த மண் கனத்தைத் தாங்காது. இந்தக் காற்று எதையும் தாங்கும். இதைக் கண்டுபிடிக்கவே புரட்டாசி ஆகிவிட்டது.

அப்போதுதான் ஒரு நாள், அச்சாபீஸ்காரர் கல் வைக்க மறந்த ஒரு காலண்டர் தாள் எழும்பி மேலே போய், மேலேயே நின்றுவிட்டது. காற்று அதைத் தள்ளவுமில்லை, விடவுமில்லை. வேப்பிலைக்காரி படம் போட்ட தாள். அந்தப் பக்கம் தொப்பிக்காரர் அண்ணாந்து பார்த்தார், இந்தப் பக்கம் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள், மிளகாய் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். அந்தப் பொட்டலில் எங்கே நின்றாலும் அது தெரிந்தது.

“அக்கா” என்றாள் ரெஜினா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “கீழ எதுக்கு கட்டிக்கிட்டுக் கெடக்கோம்?”

“பட்டமா?”

“பட்டந்தான்.”

ஐப்பசி பிறக்கும்போது ஆட்டம் தயாரானது. தங்கேஸ்வரி அதற்கு ‘நூல்’ என்று பேர் வைத்தாள். வாங்கினவர் பொட்டலில் கால் வைத்ததும் கைக்கு ஒரு நூல் வரும். நூலின் மறுமுனையில் அவரவர் மனசு எப்படியோ அப்படி ஒரு பட்டம் ஏறும். யார் வேண்டுமானாலும் யாருடைய நூலோடும் தொடுக்கலாம், அறுக்கலாம், முடிச்சுப் போடலாம். கம்பளித் தொப்பிக்காரர் வாங்கினார். பிள்ளைகள் வாங்கினார்கள். இருந்த எல்லாரும் வாங்கினார்கள், அதில் அவள் சொன்னது பலித்தது. ஆனால் இருந்தவர்கள் அவ்வளவுதான் என்பதில் குணசீலன் சொன்னதும் பலித்தது. வாரங்கள் போயின. ரெஜினாவின் குழுவில் இரண்டு பேர் பீரோவுக்கு அந்தப் பக்கம் மாறிக்கொண்டார்கள். மாதம் பிறந்து சம்பளம் கொடுக்கிற அன்று தங்கேஸ்வரி வங்கிக்குப் போய் வெறும் கையோடு திரும்பி வந்தால், எல்லாருக்கும் சம்பளம் ஏறிவிட்டதாக ரெஜினா சொன்னாள். பீரோவுக்கு அந்தப் பக்கம் பேனா எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தீபாவளி முடிந்தது. தீபாவளி முடிந்தால் சிவகாசியில் பட்டாசு ஆலைகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும், வருஷம் பூராவும் குனிந்தே இருந்த ஜனம் நிமிர்ந்து பார்க்கிற காலம் அது. அப்படி நிமிர்ந்தவர்கள் பொட்டலில் பட்டத்தைப் பார்த்தார்கள். முதலில் மிளகாய் அள்ள வந்த பெண்கள், தங்கேஸ்வரியின் பெட்டி வழியாகச் சும்மா கிடைத்த நூலை ஒரு கை பிடித்துப் பார்த்தார்கள், பிறகு அவர்கள் வீட்டு ஆண்கள் தேடிக்கொண்டு வந்து தாங்களும் பிடித்தார்கள், பிறகு குடும்பம் குடும்பமாகச் சோற்றைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள், தெரு ஏறியது, பக்கத்துத் தெரு ஏறியது, திருத்தங்கல்லிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். மாசிலாமணி அண்ணாச்சி பாய்லரைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே போய்விட்டார். வானம் தெரியாத அளவுக்குப் பட்டங்கள், வால் வைத்ததும் வைக்காததும், சேலைக் கரை போட்டதும், செய்தித்தாள் ஒட்டியதும், ஒரு கிழவர் விட்ட பட்டம் சும்மா ஒரு வாழையிலை. அவற்றுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகக் காய்கிற மிளகாய், நடுவே ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிற சனங்கள்.

இதே நேரத்தில், எங்கெங்கோ இருக்கிற ஊர்களில், எங்கெங்கோ இருக்கிற கடைகளில், மாதிரிக்கு வைத்திருந்த பெட்டியின் சுவிட்சை யாரோ போட்டார்கள். முன்பெல்லாம் வெறும் பொட்டலைப் பார்த்துவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுகிறவர்கள், இப்போது வாய் திறந்து நின்றார்கள். தூரத்தில் ஒரு திருவிழா நடந்துகொண்டிருந்தது. அது என்ன, அங்கே எப்படிப் போவது என்று கேட்டார்கள். கடைக்காரர்கள் பெட்டியையும் ‘நூலை’யும் சேர்த்துக் கொடுத்தார்கள், கொடுக்க வேறு ஆட்டம் இல்லை. அவர்கள் பொட்டலில் இறங்கி, பாதை எங்கே என்று பார்த்து, தங்கேஸ்வரி நடந்து நடந்து இறுகின பாதையில், அந்த வெட்டி வளைவில் மரியாதையாக வளைந்து, வரிசை வரிசையாக வந்து சேர்ந்தார்கள். அண்ணாச்சியிடம் டீ கேட்டார்கள். பாஷை தெரியாமல் விரலைக் காட்டினார்கள். அவரும் விரலைப் பார்த்து ஊற்றினார்.

சபரிநாதன் பெங்களூரிலிருந்து அவனாகவே போன் போட்டான். “மூட மாட்டாங்க மேடம்” என்றான்.

மார்கழி முடிவதற்குள் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஷூவைக் கழற்றாமல் விளிம்பில் நின்றவர்கள் எல்லாரும் இப்போது ஓடி வந்தார்கள். கோட்டை கட்டினார்கள், சரிந்தது. யானை விட்டார்கள்; புதைந்தது. ரெஜினாவைத் தேடி வந்து, சம்பளத்தை இரட்டிப்பாகச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் போகவில்லை, ஆனால் மண் கனம் தாங்காது என்பதை மட்டும் சொல்லி அனுப்பினாள், யானைகளின் மேல் உள்ள இரக்கத்தால். மெல்ல மெல்ல அவர்களும் கற்றுக்கொண்டு, காற்றில் நிற்கிற அரண்மனைகளும் தொங்குகிற நகரங்களும் எழுப்பினார்கள். எல்லாமே தங்கேஸ்வரியின் பாதைகளின் ஓரமாகத்தான் எழும்பின, ஆள் நடக்கிற வழி அதுவாக இருந்ததால். ஒற்றையடிப் பாதை பெரிய ரஸ்தா ஆனது. ‘நூல்’ வாங்கினவர்கள் அதன் அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தார்கள்.

அரண்மனைகளின் நிழல் மிளகாயில் விழுந்தது. தெருப் பெண்கள் ஒன்றிரண்டு நாள் நிழலைத் திட்டிவிட்டு, மிளகாயைக் கூடையில் அள்ளிக்கொண்டு அவரவர் மொட்டைமாடிக்குப் போனார்கள். தங்கேஸ்வரி அவர்களிடம் வருத்தப்பட்டாள். “எடம் இருந்துச்சு, காய வச்சோம், இப்ப எடமில்ல, அதுக்கென்ன” என்றார்கள். சபரிநாதனுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அதை முன்னமே சொல்லியிருந்ததால் அவளுக்குக் கோபம் வரவில்லை.

தை மாதம் ஒரு பிற்பகல், பீரோவைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். குணசீலனின் பஸ் இரண்டாம் பாகம் வந்திருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக விற்றுக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“தம்பி, ஐப்பசியிலயும் கார்த்திகையிலயும் ரெஜினா ஆளுகளுக்குச் சம்பளம் போட்டது உங்க பஸ்ஸுதான?”

“அது இருந்துச்சு, போட்டேன்.” அவன் பேனா மூடியைத் திருகினான். “ஒண்ணு கேக்கணும் மதினி. கூட்டம் வரும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“தெரியாது. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அங்க என்ன இருக்குன்னு பாக்காம இருக்க முடியல.” அவள் பொட்டல் பக்கம் கையைக் காட்டினாள்: “நேத்து ரொம்ப தூரம் நடந்தேன். கடைசி அரண்மனையைத் தாண்டி, பாதையெல்லாம் முடிஞ்ச பெறகு, மண்ணு கருப்பா மாறுது. கரிசல். அங்க மழை வாசனை அடிக்குது. யாரும் அந்தப் பக்கம் போகல.”

குணசீலன் மேசையைப் பார்த்தான், பிறகு சுவர் இருந்த இடத்தைப் பார்த்தான். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக எழுந்து அந்த விளிம்பில் வந்து நின்றான். வேட்டியை மடித்துக் கட்டினான். மண் சுடுகிறதா என்று கால் விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு இறங்கினான்.

இருவரும் கூட்டத்துக்குள் புகுந்து, பட்டங்களுக்குக் கீழே, அரண்மனைகளின் நிழலில், நெடுநேரம் நடந்தார்கள். கூட்டம் குறைந்தது. சத்தம் குறைந்தது. ரஸ்தா பாதையாகி, பாதை தடமாகி, தடமும் நின்றுபோன இடத்தில் செம்மண் முடிந்து கருப்பு மண் தொடங்கியது. காற்று இங்கே குளிர்ந்து, எங்கோ பெய்கிற மழையைச் சுமந்துகொண்டு வந்தது. முன்னால் ஒரு காலடி கூட இல்லை.

தங்கேஸ்வரி நின்றாள். அவனும் நின்று, அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்தான்.

“எந்தப் பக்கம் மதினி?”

“எனக்கென்ன தெரியும்” என்றாள் அவள். “நீங்க முன்னால போங்க தம்பி. நான் பின்னால வர்றேன்.”